தொலைக்காட்சி கார்ட்டூன்களின் அசல் செல் ஓவியங்களைச் சேகரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கார்ட்டூனைப் படம்பிடிக்க ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் கையால் தீட்டிய உருவம்தான் செல் (cel). அதைச் சேகரிப்பதில் புதிதாக இறங்குகிறவர்களில் பலர் முதலில் வாங்கிவிடுகிறார்கள். எந்தத் தொடர், எந்தக் காட்சி, கையால் தீட்டியதா அச்சடித்ததா என்ற ஆராய்ச்சி பணம் கொடுத்த பிறகுதான் தொடங்குகிறது. வைப்பதற்கு இடம் தேடுவது அதற்கும் பிறகு. கீழே உள்ள வரிசை இதற்கு நேர் எதிரானது. எந்தப் படியையும் தாண்டாமல் போனால் செலவும் ஏமாற்றமும் குறையும்.

1960 முதல் 2002 வரையிலான அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பானியத் தொடர்களின் பழக்கங்கள் வேறு. தேவைப்படும் இடத்தில் மட்டும் அவற்றைத் தொடுகிறேன்.

1. முதலில் தயாராக வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ், கழுத்தைச் சாய்க்கக்கூடிய மேசை விளக்கு, மெல்லிய நைட்ரைல் கையுறை, அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் கருவி. இவற்றோடு அமிலமற்ற தாள், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகள், எல்லாவற்றையும் படுக்கை வாட்டில் வைக்க ஓர் அட்டைப் பெட்டி. ஓவியம் வீட்டுக்கு வரும் முன்பே இவை இருக்க வேண்டும். வந்த பிறகு தேடினால், கைக்குக் கிடைக்கும் ஏதோ ஒரு பிளாஸ்டிக் கோப்பில்தான் அதைச் செருகுவீர்கள்.

தொடரின் டிவிடியோ, ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்க்க முடிகிற காணொளியோ அவசியம். ஏன் என்பது ஐந்தாவது படியில் புரியும்.

2. எது அசல் என்று பிரித்தறியுங்கள்

காகிதத்தில் பென்சிலால் வரைந்த உருவத்தின் கோடுகளை ஒளிபுகும் அசிடேட் தாளுக்கு மாற்றுவார்கள். ஆரம்பத்தில் மைப்பேனாவால் கையாலேயே மாற்றினார்கள். 1960களில் ஜெராக்ஸ் முறை பரவியது. கோடு பெரும்பாலும் தாளின் முன்பக்கத்தில் இருக்கும், வண்ணம் பின்பக்கத்தில். அந்தத் தாளைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துக் கேமராவில் பதிவு செய்தார்கள். இப்படிக் கேமராவுக்கு அடியில் போய் வந்ததுதான் தயாரிப்புச் செல்.

விற்பனைப் பட்டியல்களில் இதற்குப் பக்கத்திலேயே இன்னும் சில வகைகள் நிற்கும். சீரிசெல் என்பது திரை அச்சு முறையில் அச்சடித்தது. அதில் யாரும் தூரிகை பிடிக்கவில்லை. வரையறுக்கப்பட்ட பதிப்புச் செல் கையால் தீட்டியதாக இருக்கலாம், ஆனால் விற்பனைக்கென்றே செய்தது, படத்தில் வராது. விளம்பரத்துக்காக வரைந்த செல்களும் உண்டு. ரசிகர்கள் தாங்களே தீட்டும் செல்களும் உண்டு. சொல்லி விற்றால் அதில் தவறில்லை.

இவற்றில் எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. தயாரிப்புச் செல்லின் விலையைக் கொடுத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான். ஓரத்தில் பின்னம் போல 125/500 என்று எழுதியிருந்தால் அது பதிப்பு எண். படத்தில் வந்த செல்லுக்கு அப்படி எண் இடுவதில்லை.

3. ஒரே தொடரில் தொடங்குங்கள், அது எப்போது கணினிக்கு மாறியது என்று பாருங்கள்

பல தொடர்களில் ஒரே நேரத்தில் கை வைத்தால் எதிலும் கண் பழகாது. ஒரு தொடரின் நூறு செல்களைப் படத்திலாவது பார்த்தவருக்கு, நூற்றோராவது செல் சரியில்லை என்பது காரணம் சொல்லத் தெரியும் முன்பே உறுத்தும்.

அடுத்தது ஆண்டு. வண்ணம் கணினிக்கு மாறிய பிறகு அந்தத் தொடரில் செல் கிடையாது. ‘தி சிம்ப்சன்ஸ்’ 1989 இறுதியில் தொடங்கியது. 2002இல் வந்த 14ஆவது சீசனில் வண்ணம் முழுக்கக் கணினிக்குப் போனது. அதற்கு முன்பே ஓரிரு எபிசோடுகளில் சோதித்தும் பார்த்தார்கள். ‘ஸ்பான்ஞ்ஜ்பாப்’ 1999இல் முதல் சீசனைச் செல்லில் செய்து, இரண்டாவதிலேயே மாறிவிட்டது. ஆகவே ‘ஸ்பான்ஞ்ஜ்பாப்’ ஐந்தாவது சீசனின் தயாரிப்புச் செல் என்று யாராவது நீட்டினால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை.

ஜப்பானின் ‘சசாயே-சான்’ தொடர் 2013 வரை செல்லை விடவில்லை. பொத்தாம்பொதுவாக ஓர் ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் தொடருக்குத் தொடர் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

4. அடுக்குகளை எண்ணுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பெரும்பாலும் விற்பவர் ஏமாற்றுவதுகூட இல்லை. வாங்குபவர் கேட்காமல் விட்டுவிடுகிறார்.

தொலைக்காட்சிக்குப் பணமும் நேரமும் குறைவு. அதனால் அசையும் பகுதியை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்துப் படம்பிடித்தார்கள். ஹன்னா-பார்பெரா ஸ்டூடியோவின் பாத்திரங்களுக்குச் சட்டை போடாவிட்டாலும் காலரும் டையும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். யோகி கரடியின் கழுத்துப்பட்டைக்கு மேலே தலை ஒரு செல், கீழே உடல் இன்னொரு செல். தலை பேசிக்கொண்டும் ஆட்டிக்கொண்டும் இருக்கும்போது உடல் சும்மா நிற்கும். இரண்டும் சேரும் வெட்டுக்கோட்டைக் காலர் மறைத்துவிடும்.

விளைவு: தலையில்லாத யோகியும் உடலில்லாத யோகியும் சந்தையில் தனித்தனியாகச் சுற்றுகிறார்கள். சில செல்களில் வாய் மட்டும் இருக்கும், சிலவற்றில் கை மட்டும். ஆகவே பட்டியலில் இருக்கும் படத்தைப் பார்த்து, ‘இதில் எத்தனை தாள்கள் இருக்கின்றன, எல்லாமே அசலா, ஒன்றை நகலெடுத்துச் சேர்த்திருக்கிறீர்களா’ என்று எழுத்தில் கேளுங்கள். முழு உருவம் தெரியும் படத்துக்கு அடியில் ‘உடல் மட்டும் அசல்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பது அபூர்வமில்லை.

இன்னொன்று. ஒரு தாளின் மேல் இன்னொரு தாள் வைத்தால் கீழே இருப்பதன் நிறம் சற்று மங்கும். அதை ஈடுகட்ட, கீழ் அடுக்குக்கு ஒரு படி வெளிரிய வண்ணத்தைக் கலந்து பூசினார்கள். ஒரே பாத்திரத்தின் தோல் நிறம் இரண்டு செல்களில் லேசாக வேறுபட்டால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

5. திரையோடு ஒப்பிடுங்கள்

எந்தச் சான்றிதழை விடவும் நான் நம்புவது இதைத்தான். விற்பவர் எபிசோடின் பெயரைச் சொன்னால் அந்த எபிசோடைத் திறந்து, பாத்திரம் அதே உடையில், அதே பக்கம் பார்த்து நிற்கும் காட்சியைத் தேடுங்கள். கிடைத்ததும் பிரேம் பிரேமாக நகர்த்துங்கள்.

முகத்தைப் பார்த்து ஒப்பிடுவது பயன் தராது. முகம் எல்லாச் செல்லிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விரல்களைப் பாருங்கள். சட்டை மடிப்பின் கோடு எங்கே முடிகிறது, கால் தாளின் எந்த இடத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது, கண்மணி மூக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். மேசைக்குப் பின்னால் நிற்கும் பாத்திரத்தின் வண்ணம் இடுப்புக்குக் கீழே நேர்கோட்டில் நின்றுவிடும். அந்தக் கோடு திரையில் மேசையின் விளிம்போடு பொருந்த வேண்டும். இவை நான்கைந்து ஒத்துப்போனால் அந்தச் செல் திரையில் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் போலி என்று பொருளில்லை. எபிசோடின் பெயர் தவறாக இருக்கலாம், காட்சியை வெட்டியிருக்கலாம். ஃபில்மேஷன் ஸ்டூடியோவின் ‘ஹீ-மேன்’ போன்ற தொடர்களில் சிக்கல் வேறு விதம். ஓடுவது, வாளை உயர்த்துவது போன்ற அசைவுகளை எபிசோடுக்கு எபிசோட் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஒரே செல் பல எபிசோடுகளோடு பொருந்தும். ‘புகழ்பெற்ற இந்த எபிசோடில் வந்தது’ என்று சொல்லி அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

பொருந்திய பிரேமைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு விற்கும்போது உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான்.

6. பின்பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்

பட்டியலில் எப்போதும் முன்பக்கம்தான் இருக்கும். வண்ணம் இருப்பது பின்பக்கத்தில். அதன் படத்தை அனுப்பாத விற்பனையாளரிடம் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பிரேமுக்குள் இருக்கிறது, பிரிக்க முடியாது என்பார்கள். அப்படியானால் விலையும் அந்த ஐயத்துக்கு ஏற்ப இறங்க வேண்டும்.

விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாய்வான வெளிச்சத்தில் அசல் செல்லின் பின்பக்கம் மேடுபள்ளமாகத் தெரியும். சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் சேரும் இடத்தில் ஒரு வண்ணம் மற்றொன்றின் மேல் மயிரிழை அளவு ஏறியிருக்கும். முன்பக்கத்தில் அதைக் கறுப்புக் கோடு மறைத்துவிடும். முன்பக்கம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ, பின்பக்கம் அவ்வளவு அவசரமாக இருக்கும். பின்பக்கமும் வழவழவென்று ஒரே மட்டமாக இருந்தால் அச்சாக இருக்கலாம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அச்சேதான்.

அதே படத்தில் சேதத்தையும் பாருங்கள். பாளம் பாளமாக வெடித்த கோடுகள், வண்ணம் தாளை விட்டு எழும்பி நிற்கும் வெளிறிய திட்டுகள், ஒட்டிக்கொண்டு கிழிந்த காகிதத் துணுக்குகள். எழும்பிய வண்ணம் முன்பக்கத்தில் ஈரம் பட்டது போன்ற மினுமினுப்பாகத் தெரியும். அது இன்னும் உதிரவில்லை, ஆனால் தபாலில் உதிரலாம்.

அடுத்து, துளைகள். அமெரிக்க ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் பயன்படுத்திய ஆக்மி முறையில் நடுவே ஒரு வட்டத் துளையும், அதிலிருந்து இரண்டு பக்கமும் நான்கு அங்குலம் தள்ளி நீளத் துளைகளும் இருக்கும். தாள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காருவதற்காக இவை. பிரேமுக்குள் அடங்குவதற்காகத் துளைப் பகுதியை வெட்டிவிட்ட செல்களும் உண்டு; அவற்றின் விலை குறையும், ஆனால் போலி என்று சொல்ல முடியாது. ஓரத்தில் கையால் எழுதிய எண் இருந்தால், அந்த அசைவில் இந்தச் செல் எத்தனையாவது என்பதைச் சொல்லும் எண் அது. ஜப்பானியச் செல்களில் அடுக்கின் ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்து வலது மேல் மூலையில் இருக்கும்.

சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டூடியோவின் முத்திரை நல்லது. விற்பவர் தானே அச்சடித்துக் கையெழுத்திட்ட தாள், ரசீதுக்கு மேல் எதுவுமில்லை.

7. பின்னணி ஓவியத்தைத் தனியாக மதிப்பிடுங்கள்

ஒரு காட்சிக்குப் பின்னணி ஒன்று, அதன் மேல் வந்துபோகும் செல்கள் பல. அதனால் கையால் தீட்டிய பின்னணியின் விலை செல்லின் விலையைப் போலப் பல மடங்கு. விற்பனைக்கு வரும் செல்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது வண்ண நகல், அலங்காரத்துக்காக வைத்தது. அதற்கு மதிப்பில்லை; தவறுமில்லை.

‘அசல் பின்னணியுடன்’ என்று போட்டிருந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கையால் தீட்டியதா? இதே செல்லோடு திரையில் வந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது பொருத்தமான செட்டப், விலையைப் பேசலாம். முதலாவதற்கு மட்டும் ஆம் என்றால், வேறு எங்கிருந்தோ வந்த பின்னணியை இதனோடு சேர்த்திருக்கிறார்கள். திரை ஒப்பீடு இங்கேயும் உதவும்.

தொடரின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். 1992இல் வந்த ‘பேட்மேன்’ தொடரில் கோத்தம் என்ற இருட்டு நகரத்துக்காகக் கறுப்புத் தாளில் பின்னணி தீட்டினார்கள். வெளிச்சத்தை மட்டும் மேலே கொண்டுவந்தார்கள். வெள்ளைத் தாளில் தீட்டிய ‘அசல்’ கோத்தம் நகரக் காட்சி வந்தால் கூடுதலாக விசாரியுங்கள்.

8. எங்கே வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

டல்லாஸில் உள்ள ஹெரிடேஜ் ஏல நிறுவனம், கலிபோர்னியாவின் வான் ஈட்டன் கேலரி, ஜப்பானியத் தொடர்களுக்கு டோக்கியோவின் மாண்டராகே ஆகியவை தெரிந்த இடங்கள். ஈபேயிலும் நல்லவை கிடைக்கும், குப்பையும் கிடைக்கும். முதல் சில மாதங்கள் எதையும் வாங்காமல், முடிந்த ஏலங்களின் விலையை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். கேட்கும் விலை யாருடைய ஆசை வேண்டுமானாலும் ஆகலாம். விற்ற விலைதான் கணக்கு.

விலையைத் தீர்மானிப்பது உருவத்தின் நிலை. கண் திறந்திருக்கிறதா, முகம் நம் பக்கம் திரும்பியிருக்கிறதா, முழு உடல் தெரிகிறதா, தாளில் உருவம் எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். கண்சிமிட்டும் நடுவில் பிடித்த செல், முதுகைக் காட்டும் செல், கூட்டத்தில் ஒருவராக நிற்கும் பாத்திரம் இவையெல்லாம் மலிவு. சில பத்து டாலருக்குள்கூடக் கிடைக்கும். முதல் செல்லாக இப்படி ஒன்றை வாங்குங்கள் என்பேன். பின்பக்கத்தை நேரில் பார்த்துப் பழகவும் கையாளக் கற்றுக்கொள்ளவும் அது போதும்.

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை கடைசி விலை அன்று. வாங்குபவர் கட்டணம் பெரிய ஏல நிறுவனங்களில் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் குறையாது. அதற்கு மேல் அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்கவரி. இவற்றைக் கூட்டி, அதிலிருந்து பின்னோக்கிக் கழித்து உங்கள் உச்ச விலையை ஏலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். ஏலம் ஓடும்போது மனக்கணக்கு வேலைக்கு ஆகாது.

9. அனுப்பும் முறையை நீங்களே சொல்லுங்கள்

இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வரவேண்டும். சுருட்டினால் வண்ணம் வெடிக்கும். குமிழ் உறையை நேராக வண்ணத்தின் மேல் சுற்றினால் அந்த வட்டங்கள் வண்ணத்தில் பதிந்துவிடும். நடுவே அமிலமற்ற தாள் வேண்டும். கண்ணாடி பிரேமோடு அனுப்பச் சொல்லவே வேண்டாம்.

சுங்கத்துக்காக ‘பரிசு’ என்றோ குறைந்த விலையோ எழுதித் தருகிறேன் என்று சிலர் பெருந்தன்மையாகச் சொல்வார்கள். பொதி தொலைந்தால் காப்பீட்டில் அந்தக் குறைந்த விலைதான் கிடைக்கும், பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். உண்மையான விலையும் ‘கையால் தீட்டிய ஓவியம்’ என்ற விவரமும் ரசீதில் இருக்கட்டும்.

10. வந்த அன்று

பொதியை அறை வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் பிரிக்காமல் வையுங்கள். குளிர்ந்த தாளைத் திடீரென்று திறந்தால் ஈரம் படியும்.

பிரித்ததும் முன், பின் இரண்டையும் படமெடுத்து, விற்பவர் அனுப்பிய படத்தோடு ஒப்பிடுங்கள். முகர்ந்தும் பாருங்கள். புளித்த காடி வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தத் தாளைத் தனியாக வையுங்கள், ஏனென்றால் அது வெளிவிடும் அமிலம் பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும்.

துடைக்காதீர்கள். பின்பக்க வண்ணத்தை ஈரம் இளக்கிவிடும் என்பது பலருக்குத் தெரியும். முன்பக்கம் வெறும் பிளாஸ்டிக்தானே என்று ஈரத்துணியால் துடைத்து, கண் புருவத்தையே அழித்தவர்கள் உண்டு. கோடு இருப்பது முன்பக்கத்தில். தூசி இருந்தால் காய்ந்த மென்தூரிகை போதும்.

பின்னால் பென்சில் ஓவியம் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். காகிதம் வரும், வண்ணமும் கூடவே வரும். அப்படியே விட்டால் எந்த நஷ்டமும் இல்லை. கட்டாயம் பிரிக்க வேண்டுமென்றால் பழக்கப்பட்ட பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

11. சேமித்தல்

அசிடேட்டுக்கு எதிரி வெப்பமும் ஈரமும். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள, படங்களின் ஆயுளை ஆராயும் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் கணக்குப்படி, 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புதிய அசிடேட் பிலிமில் சுமார் 40 ஆண்டுகளில் சிதைவு தொடங்கும். செல் தாளும் அதே குடும்பம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் வெப்பமும் ஈரமும் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிலையாக வைத்திருக்கப் பாருங்கள். மிகவும் வறண்டாலும் வண்ணம் சுருங்கித் தாளை விட்டு எழும்பும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போடும் ஆர்வம் இதனால் ஆபத்து. இரவில் ஏசி, பகலில் கொதிப்பு என்று மாறி மாறி வரும் அறையை விட, நாள் முழுக்க ஒரே நிலையில் இருக்கும் உள்சுவர் அலமாரி மேல்.

காற்றுப்புகாத டப்பா நல்லதுபோலத் தோன்றும். வெளிவரும் அமிலம் உள்ளேயே தங்கிச் சிதைவை முடுக்கும் என்பதால் அது கூடாது. பிவிசி உறைகளும் கூடாது. அதிலிருக்கும் இளக்கிகள் வண்ணத்தோடு ஒட்டும். அமிலத்தை உறிஞ்சும் மைக்ரோசேம்பர் தாளைச் செல்களுக்கு இடையில் வைக்கலாம். சந்தேகம் இருந்தால் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் தரும், அமிலத்தை நிறத்தால் காட்டும் ஏ-டி பட்டை ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள். நீலம் பச்சையாகி மஞ்சளை நோக்கிப் போனால் அமிலம் ஏறுகிறது. மூக்குக்குத் தெரியும் முன்பே பட்டைக்குத் தெரிந்துவிடும்.

அடுக்கி வைக்கும்போது குறைவாக வையுங்கள். மேலிருப்பவற்றின் எடையில் கீழே இருக்கும் வண்ணம் உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

12. பிரேம் போடுதல்

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அமிலமற்ற மவுண்ட் அட்டை, கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி. இந்த மூன்றையும் கடைக்காரரிடம் எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வழக்கம்போல அட்டையில் ஒட்டித் தந்துவிடுவார். பசை, இருபக்க டேப், சூடாக்கி ஒட்டும் முறை, லேமினேஷன் எதுவும் செல்லின் மேல் படக் கூடாது. துளைப் பகுதி பிரேமுக்குள் அடங்கவில்லை என்றால் பிரேமைப் பெரிதாக்குங்கள், தாளை வெட்ட அனுமதிக்காதீர்கள்.

வெயில் நேராக விழும் சுவரும் சமையலறைக்கு அடுத்த சுவரும் வேண்டாம். மழைக்காலத்தில் வெளிச்சுவரும் வேர்க்கும். சுவரில் ஒன்றிரண்டை மட்டும் மாட்டி, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் எதுவும் தொடர்ந்து வெளிச்சத்தில் இருக்காது. மாற்றும் நாளிலேயே பெட்டியில் இருப்பவற்றையும் எடுத்துப் பாருங்கள்: வாடை, எழும்பிய வண்ணம், பட்டையின் நிறம்.

ஒவ்வொரு செல்லுக்கும் ரசீது, இரண்டு பக்கப் படங்கள், பொருந்திய திரைப் பிரேம் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். செல்லின் மேலோ உறையின் மேலோ எதையும் எழுதாதீர்கள். வெளிப்பெட்டியில் ஒட்டிய சீட்டில் எழுதுங்கள். செல் உங்களுடையது என்றாலும் பாத்திரத்தின் உரிமை தயாரிப்பாளருடையது. அதைப் பெரிதாக்கி அச்சடித்து விற்கவோ, டி-ஷர்ட்டில் போடவோ அனுமதி கிடையாது.